தேக்கு எழுதிய மழைக் கணக்கு

2016 டிசம்பர் 12 அன்று அடித்த வர்தா புயலில், கேளம்பாக்கத்தில் எங்கள் வரப்போரம் நின்ற தேக்கு ஒன்று சாய்ந்துவிட்டது. அறுத்த அடிக்கட்டையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நடுவில் அகலமாக இருந்த வளையங்கள், பட்டைப் பக்கம் வர வர நூல்போல மெலிந்திருந்தன. ‘வருஷா வருஷம் மழை குறையுது, இனிமே சம்பா வேண்டாம்’ என்று முடிவே கட்டிவிட்டேன். அது தப்புக் கணக்கு.

முதலில் வளையம் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். தேக்கு கோடையில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும். மறுபடி துளிர்க்கும்போது, தண்ணீர் ஏற்றுவதற்குப் பெரிய துளைகளோடு புதுக்கட்டை வளரும். பருவம் போகப் போகத் துளை சிறுத்து, கட்டை இறுகும். அடுத்த ஆண்டு மீண்டும் பெருந்துளை. அந்தத் துளை வரிசைதான் ஆண்டின் எல்லைக்கோடு. நல்ல மழையென்றால் வளையம் அகலமாகும், வறட்சியென்றால் ஒடுங்கும். பனையிலும் தென்னையிலும் இதைத் தேடாதீர்கள். அவற்றுக்கு ஆண்டு வளையம் கிடையாது.

அந்த மரம் அப்பா 1990 மழைக்கு நட்டது. 27 வளையம் இருக்க வேண்டும், எண்ணினால் 29. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளில் பெருந்துளை வரிசை இல்லை. முழுவட்டமாகவும் வரவில்லை. பருவத்தின் நடுவே மழை நின்று மறுபடி பெய்தால் இப்படிப் போலி வளையம் விழும். அவற்றைத் தள்ளினால் கணக்கு சரி.

அப்படியானால் மெலிந்த வளையங்கள்? மரம் பருக்கப் பருக்க, அதே அளவு கட்டை பெரிய சுற்றில் பரவுவதால் வளையம் இயல்பாகவே மெலியும். போதாததற்குப் பக்கத்து வேம்பு நிழல் கட்டியிருந்தது. மைத்துனர் நிலத்தில் தனியாக நின்று, அதே புயலில் விழுந்த தேக்கில் இவ்வளவு மெலிவு இல்லை. ஆனால் பட்டையிலிருந்து உள்ளே 14, 15ஆம் வளையங்கள் இரண்டு மரத்திலும் ஒடுங்கியிருந்தன. 2003, 2002. நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் வறட்சி. ஒரு மரம் சொல்வது அதன் சொந்தக் கதை. பல மரங்கள் ஒன்றாகச் சொல்வதுதான் மழைக்கதை.

ஆய்வாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். மரத்தை வெட்டாமல், துளைக்கருவியால் பென்சில் கனத்தில் மாதிரி எடுத்து, பல மரங்களை ஒப்பிட்டு ஆண்டைக் குறிக்கிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுக் கணக்கை 2010இல் வெளியிட்டார்கள். பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருப்பதை அது காட்டுகிறது. அதே ஆண்டு, ஆசியாவில் 300க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைத் தொகுத்து ஒரு வறட்சி வரைபடம் வந்தது. அதில் 1876–78 பெருவறட்சி தெளிவாகத் தெரிகிறது. நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சம் அதுதான். நம் ஊருக்குக் கிழக்கே போகிற பக்கிங்காம் கால்வாயில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது.

வறட்சி ஒரு வருஷத்தோடு போகாது, அடுத்தடுத்தும் வரும். இதுதான் நான் கற்ற பாடம். சம்பாவை விடவில்லை. ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கேழ்வரகு. விதைநெல்லை என் வீட்டில் மட்டும் வைக்காமல் நாலு ஊர் நண்பர்களிடமும் கொடுத்து வைக்கிறேன்.

உங்கள் நிலத்தில் தேக்கு விழுந்தால் அடியில் ஒரு வில்லை அறுத்து வையுங்கள். நட்ட ஆண்டு, விழுந்த ஆண்டு, இடம், பக்கத்து மரம் எல்லாம் அதிலேயே எழுதுங்கள். கூடவே ஒரு மழைமானியும் நோட்டும் இருக்கட்டும். மரம் எழுதியதைச் சரிபார்க்க நம் கணக்கும் வேண்டுமே!