பளிச்சென்று எரிவதெல்லாம் வழி காட்டாது

"ஹெட்லைட்டுல எல்.இ.டி. மாத்திட்டேன் சார், நைட்டு பகலாட்டம் தெரியுது." கல்யாண வீட்டில், பெட்ரோல் பங்கில், அலுவலக வாசலில் என்று போகிற இடமெல்லாம் இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். சொல்பவர் முகத்தில் பெருமை பொங்கும். கூடவே தவறாமல் இன்னொன்றும் வரும்: "எல்லாம் சேஃப்டிக்குத்தான்."

என் தொழில் வாகன விளக்குகளைச் சோதிப்பது. அந்த உரிமையில் சொல்கிறேன்: ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உங்களுக்கு முன்பைவிடக் குறைந்த தூரம்தான் தெரியும். எதிரே வருபவருக்கோ எதுவுமே தெரியாது. பெரிய டயர், சத்தமான சைலன்சர், கறுப்பு ஃபிலிம் என்று வண்டியில் செய்யப்படும் மாற்றங்கள் பல உண்டு. அவற்றிலெல்லாம் தவறு செய்கிறோம் என்கிற உறுத்தலாவது பலருக்கு இருக்கிறது. விளக்கை மாற்றுபவருக்கு மட்டும் அது அறவே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியை இதற்கே செலவிடுகிறேன்.

பெரிய நம்பிக்கை: "எல்.இ.டி. போட்டால் தூரம் தெரியும்"

பல கார்களில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. அதற்குள் இரண்டு இழைகள்: லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். லோ பீம் இழை சில மில்லிமீட்டர் நீளம்தான். அதன் அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது தடுக்கிறது. மேல்பாதியில் படும் ஒளி மட்டும் சாலையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், அந்த இழை அந்த இடத்தில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு வார்க்கப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு கெடும்.

இந்த விளக்கை எப்படிச் சோதிக்கிறோம் தெரியுமா? இருட்டறையில் 25 மீட்டர் தள்ளித் திரை கட்டி, அதில் குறித்த புள்ளிகளில் வெளிச்சத்தை அளக்கிறோம். சாலையின் தூரப் பகுதிக்கான புள்ளிகளில் வெளிச்சம் இந்த அளவுக்குக் குறையக் கூடாது. எதிரே வருபவரின் கண் இருக்கும் புள்ளியில் இந்த அளவைத் தாண்டக் கூடாது. நல்ல லோ பீமைத் திரையில் பார்த்தால் வலப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல ஒளி ஒரு கோட்டில் நின்றுவிடும். இடப்பக்கம், அதாவது நம் பக்கத்து ஓரத்தில், அந்தக் கோடு 15 டிகிரி மேலேறும். சாலையோரம் நடப்பவரையும் பலகையையும் நாம் பார்ப்பது அந்த ஏற்றத்தால்தான்.

இப்போது எல்.இ.டி.யைச் சொருகுங்கள். இழை இருந்த இடத்தில் ஒரு தட்டைப் பலகை, அதன் இரு பக்கமும் சில்லுகள். பலகையின் கனத்தால் இரண்டும் விலகி நிற்கின்றன. இழை சுற்றிலும் ஒளி வீசும். சில்லு தனக்கு முன்னால் மட்டும் வீசும். ரிஃப்ளெக்டர் எதிர்பார்த்த இடத்தில் ஒளி இல்லை, எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. கோடு கலைகிறது. தூரத்துக்குப் போக வேண்டிய ஒளி பானெட்டுக்கு முன்னால் கொட்டுகிறது. மிச்சம் மேலே சிதறுகிறது.

"ஆனால் எனக்குப் பளிச்சென்று தெரிகிறதே" என்பீர்கள். தெரியும். அதுதான் ஆபத்தே. வண்டிக்கு முன்னால் முதல் இருபது மீட்டர் வெள்ளையாக ஒளிர்ந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். கண்பாவை சுருங்கும். அதற்கு அப்பால் மங்கலாகக் கிடப்பது பார்வையிலிருந்து நழுவும். பக்கத்தில் அதிக ஒளி, தூரத்தில் குறைந்த பார்வை என்பது எங்கள் துறையில் பழைய பாடம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றாலும் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக்குக்கு இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக, உங்கள் உயிர் 70 மீட்டர் தள்ளித் தெரிவதில் இருக்கிறது. முதல் 20 மீட்டர் எவ்வளவு பளபளத்தாலும் அங்கே தெரிவதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எதிரே வருபவருக்கு என்ன ஆகிறது?

தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கை ஒரு சதவீதம் கீழே சாய்த்து வைத்தால், அதன் வெட்டுக்கோடு 70 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு ஒரு சதவீதம் மேலே பார்த்தால், 50 மீட்டரில் அந்தக் கோடு 1.2 மீட்டர் உயரத்துக்குப் போகும். எதிர்க் காரை ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரி சொச்சம். இவ்வளவு நுட்பமான ஒன்றில்தான் பத்து நிமிடத்தில் பல்பைத் திருகி "சூப்பரா இருக்கு சார்" என்கிறார்கள்.

கூசும் ஒளி பட்ட கண்ணுக்குள் ஒளி சிதறி, வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகும். அது கடந்த பிறகும் பார்வை திரும்பச் சில நொடிகள் பிடிக்கும். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் இன்னும் அதிகம். மூன்று நொடி என்று வைத்துக்கொண்டால்கூட, 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் தூரத்தை அவர் குருடராகக் கடக்கிறார்.

நான்குவழிச் சாலையில் நடுவே வளர்த்திருக்கும் அரளிச் செடிகள் இந்த ஒளியைப் பெருமளவு மறைத்துவிடும். நம் மாவட்டச் சாலைகளில் ஏது அரளி? அங்கே நேருக்கு நேர்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆடியில் சமயபுரத்துக்கும் இரவெல்லாம் சாலையோரம் நடக்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வண்டிகளின் ஒளிக்கு இடையில் நடப்பவர் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துபோவார். உங்கள் "சேஃப்டி"க்கு அவர் விலை கொடுக்க வேண்டுமா?

வழக்கமாக வரும் எதிர்வாதங்கள்

"கார் கம்பெனியே எல்.இ.டி. போடுதே?" போடுகிறது. அந்த விளக்கின் லென்சும் ரிஃப்ளெக்டரும் வெப்பம் வெளியேறும் வழியும் எல்.இ.டி.க்காகவே வடிவமைக்கப்பட்டவை, விளக்கு முழுமையாகச் சோதிக்கப்பட்டது. நீங்கள் மாற்றுவது பல்பை மட்டும்.

"வெளிநாட்டுல அனுமதி இருக்கே?" ஜெர்மனியில் 2020இல் ஒரு எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு அனுமதி கிடைத்தது உண்மை. எப்படி? இந்தக் கார், இந்த மாடல், இந்த விளக்கு என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் சோதித்த பிறகு. பட்டியலில் இல்லாத காரில் போட்டால் அங்கேயும் குற்றம்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பல்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"20,000 லூமென்னு போட்டிருக்கே?" எச்4 பல்பின் லோ பீம் சோதனையில் தருவது சுமார் 1,000 லூமென், ஹை பீம் 1,650. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் தரும். 40 வாட் பல்பிலிருந்து 20,000 எப்படி வரும்? பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஏமாறக் கூடாது.

"வீடியோவுல பார்த்தேன், சுவத்துல வித்தியாசம் தெரிஞ்சது." கேமரா வெளிச்சத்துக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் எதையும் நிரூபிக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சில்லறை நம்பிக்கைகள்

நம்பிக்கை: 100/90 வாட் பல்பு போடலாம், ரிலே வைத்தால் போதும்.
உண்மை: 60 வாட் இழை 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் 8.3 ஆம்பியர். ஒயரில் எழும் சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. ரிலே ஒயரைக் காப்பாற்றும். உருகும் ஹோல்டரையும் உரியும் ரிஃப்ளெக்டர் பூச்சையும் காப்பாற்றாது.

நம்பிக்கை: வெள்ளை, நீல ஒளி பனியைக் கிழிக்கும்.
உண்மை: எந்த நிறமும் பனியைக் கிழிக்காது. தாழ்வாக, மேலே சிதறாமல் விழும் ஒளிதான் உதவும். நீலம் கலந்த ஒளி கண்ணை அதிகம் கூசவைக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஹை பீம் போட்டால் உங்கள் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும்.

நம்பிக்கை: பின்விளக்குக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் அழகு, வேறொன்றுமில்லை.
உண்மை: நீங்கள் பிரேக் பிடித்தது பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தாமதமாகத் தெரியும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம்பிக்கை: முன்னால் கம்பி கார்டு போட்டால் கார் பத்திரம்.
உண்மை: நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பாகத்தை அது தன் வேலையைச் செய்யவிடாது, ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களை நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: வெளிச்சந்தைச் சாமான் எல்லாமே ஆபத்து.
உண்மை: இதுவும் தப்பு. அதே வாட்டில் தரச்சான்று பெற்ற ஹாலஜன் பல்பு, அதே அளவில் நல்ல டயர், தரமான வைப்பர் இவற்றையெல்லாம் தாராளமாக வெளியில் வாங்குங்கள். வண்டியின் கணக்கைக் கெடுக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

வெளிச்சம் போதவில்லை என்றால்

குறை பல கார்களில் உண்மையாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் பல்பு மட்டுமல்ல. முதலில், எஞ்சின் ஓடும்போது பல்பின் முனையில் மின்னழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். ஹாலஜன் பல்பு சோதிக்கப்படுவது 13.2 வோல்ட்டில். துருப்பிடித்த எர்த்தாலும் தளர்ந்த ஹோல்டராலும் 12 வோல்ட்தான் வருகிறது என்றால், ஒளியில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. எர்த்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு எல்.இ.டி. விலையில் ஒரு சிறு பகுதி.

அடுத்து, வெயிலில் மஞ்சள் பூத்த விளக்கு முகப்பைப் பாலிஷ் போடுங்கள். விண்ட்ஷீல்டின் உட்புறத்தையும் துடையுங்கள். மூன்றாவது, டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கலாம். பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், விளக்கும் தூக்கும். அதைக் கீழிறக்கத்தான் அந்தச் சக்கரம். தீபாவளிக்கு ஊருக்குக் குடும்பத்தோடு போகும்போதாவது அதைத் தொடுங்கள். கடைசியாக, லோ பீமில் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். 60இல் போனால் ஏறக்குறைய 45 மீட்டரில் நின்றுவிடலாம். எந்தப் பல்பும் தராத பாதுகாப்பு இது.

இனி அரசுக்கு ஒரு வார்த்தை. லாரி, பஸ், டாக்சிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று உண்டு, அப்போது விளக்கையும் பார்க்க வேண்டும். சொந்தக் காருக்கோ முதல் 15 ஆண்டு விளக்கை யாரும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. ஆனால் புகைச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் அந்தக் கார் ஒரு சோதனை மையத்துக்குப் போகத்தானே செய்கிறது? அங்கேயே ஹெட்லைட் சோதனைக் கருவி ஒன்றை வையுங்கள். வண்டிக்கு முன்னால் நிறுத்தி, வெட்டுக்கோடு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கோடு கலைந்திருந்தால் பல்பை மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். அதுவரை சான்றிதழ் தராதீர்கள். புகை நுரையீரலை மெல்ல மெல்லக் கெடுக்கிறது, அதற்குச் சோதனை வைத்தோம். கூசும் விளக்கு ஒரே நொடியில் ஆளைக் கொல்லும், அதற்குச் சோதனை இல்லை. நான் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், நடக்கும்வரை சொல்வேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். எல்.இ.டி. பல்பு மாட்டியவர்கள் இந்த வாரமே அதைக் கழற்றுங்கள். பழைய ஹாலஜனைத் திரும்பப் போட்டு, ஹெட்லைட் செட்டிங்கைச் சரிபாருங்கள். எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணுங்கள்.