பிள்ளைத்தமிழும் பேரப்பிள்ளை வளர்ப்பும்

ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது இயற்றிய பிள்ளைத்தமிழைக் கற்குங்கால் பத்துப் பருவங்களையும் வரிசைபிறழாது மனனஞ் செய்கின்றோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடும். இவற்றை 3-ஆந் திங்கள் முதல் 21-ஆந் திங்கள்வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் வைத்துப் பாடுதல் பாட்டியல் மரபு. இவ்வரிசை புலவர்க்கே உரியதொரு செய்யுட் கட்டென்று யாம் எண்ணியிருந்தோம். முட்டுக்காட்டில் எமக்கு உறவான ஓரில்லத்திற்கு இருமுறை சென்று தங்கிய பின்னரே, இது குழவியை வளர்ப்பார்க்கும் உரியதொரு பாடமென்பது எமக்குப் புலனாயிற்று.

கோவளத்தை அடுத்துக் கடலொடு கூடும் உப்பங்கழியின் கரையில் உள்ளது அவ்வில்லம். 1984-இல் தொடங்கப்பெற்ற படகுத்துறையைக் காண வருவோர் அக்கழியை இன்பத்துறையென்பர். கழிக்கரையில் குழவியை வளர்க்கும் பாட்டிக்கோ அது நீங்காத அச்சம். அவ்வீட்டு மருமகள் மேற்கே சிறுசேரியில் கணினித் தொழில் புரிபவர். யாம் முதன்முறை சென்றபோது குழவிக்கு 5-ஆந் திங்கள்; தாய் பணிக்கு மீள இன்னும் சில வாரங்களே இருந்தன. பேறுகால விடுப்பு 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் முதலிரு மகப்பேற்றிற்கு 12 வாரத்தினின்று 26 வாரமாக உயர்ந்தது. 26 வாரமென்பது ஏறக்குறைய 6 திங்கள். அஃதாவது செங்கீரைக்கும் தாலுக்கும் இடைப்பட்ட காலம். தாய்ப்பால் ஒன்றே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லையும் அந்த 6 திங்களே. எனவே தாய் வீட்டை விட்டு வெளிச்செல்லும் நாளும் குழவி முதற்சோறு உண்ணும் நாளும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. அச்சோற்றைப் பிசையும் கை பாட்டியின் கை.

மருமகள் இதனை நன்குணர்ந்து, செய்யத்தக்கன தகாதன எல்லாம் இரண்டு பக்கம் நிறைய எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தார். பாட்டியார் அதனை நிமிர்ந்தும் பார்த்திலர். "நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள் நான், தம்பி, எனக்கு எதற்கு இந்தக் காகிதம்?" என எம்மை வினவினார். யாம் விடையிறுக்க இயலாது நின்றோம்.

அவர் கூற்றிற் பெரும்பகுதி மெய்யே. குழவியை மடியிற் கிடத்திப் பேசுதலும், தாலாட்டுதலும், அழுகையின் வேறுபாட்டால் பசியையும் நோயையும் அறிதலும் காகிதத்தாற் கற்பிக்கத் தக்கனவல்ல. ஆயினும் அவர் பிள்ளை பெற்ற காலத்திற்குப் பின்னர்த் தெளிவுற்ற செய்திகள் சிலவுள. குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் அவற்றுள் ஒன்று. அவ்வெண்ணெய் நுரையீரலிற் புகுந்து அழற்சியை விளைக்கும். தேனை நாவில் தடவுதல் மற்றொன்று. தேனிற் கலந்திருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஓராண்டு நிரம்பாத குழவியின் குடலில் நஞ்சை உண்டாக்க வல்லது. உறங்க வைக்குங்கால் மல்லாந்து கிடத்தலே நன்று. தாய் பிழிந்து வைத்துச் செல்லும் பால் அறையின் வெப்பம் 25 பாகைக்கு மேற்படாதவிடத்து 4 மணி நேரமே கெடாதிருக்கும். எம் கடற்கரை வெயிலில் அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தலே தக்கது. முதற்சோறு கஞ்சிபோல் ஒழுகுதலாகாது; கரண்டியினின்று வழியாத குழைவாக இருத்தல் வேண்டும். வயிற்றுப்போக்கு நேரின் உணவை நிறுத்துதல் பண்டை வழக்கம். இந்நாளிலோ உணவை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைப் பொதி ஒன்றை முழுதும் 1 லிட்டர் நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுவர். துத்தநாக மருந்தும் 14 நாள் கொடுப்பர்.

நிற்க. இவற்றைப் பாட்டியார் ஏற்றுக்கொண்டது எங்ஙனம்? சுவரொட்டியால் அன்று. கிராமச் சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வந்த ஒரு நாளில் மாமியையும் மருமகளையும் ஒருங்கே திண்ணையில் அமர்த்தி, "அம்மா, உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள்?" என முதற்கண் கேட்டார். பாட்டியார் அரைமணி நேரம் பேசினார். அதன் பின்னரே செவிலியர் தாம் மாற்ற விரும்பிய மூன்று நான்கைக் கூறினார். அகப்பொருள் நூல்கள் ஈன்ற தாயை நற்றாய் என்றும், வளர்த்த தாயைச் செவிலி என்றும் பிரித்துரைக்கும். அன்று அத்திண்ணையில் நற்றாய் ஒருத்தியும் செவிலியர் இருவரும் இருந்தனர் என்போமாயின் மிகையன்று.

இரண்டாம் முறை யாம் சென்றபோது குழவிக்கு 11-ஆந் திங்கள். சோறும் உறக்கமும் செவ்வனே நடைபெற்றன. ஆயினும் முற்பகலில் ஒன்று நிகழ்ந்தது. பாட்டனார் தம் நீரிழிவு மாத்திரைகளைத் தலையணையடியில் வைத்திருப்பவர். தவழ்ந்து சென்ற குழவி கட்டிலைப் பற்றி எழுந்து அத்தகட்டை இழுத்து வாயிலிட்டது. பாட்டியார் ஓடிச்சென்று பிடுங்கி, விரலால் வாயைத் துழாவினார், தகடு பிரியவில்லை. நீரிழிவு மாத்திரைகளுட் சிலவற்றில் ஒன்றே ஒன்று ஒரு குழவியின் குருதிச் சர்க்கரையை உயிருக்கு ஊறு நேரும் அளவிற்குத் தாழ்த்திவிடும். பாட்டனார் நெடுநேரம் வாய்திறவாது அமர்ந்திருந்தார். "நேற்றுவரை அவனுக்கு எழுந்து நிற்கத் தெரியாதே" என்பதே பின்னர் அவர் கூறிய சொல்.

அச்சொல்லில் இப்பொருள் முழுதும் அடங்கியுள்ளது. பாட்டனாரும் பாட்டியாரும் நேற்றைய குழவிக்கே ஆயத்தமாக இருந்தனர். குழவியோ அடுத்த பருவத்துள் அடியெடுத்து வைத்துவிட்டது. புலவன் சப்பாணி பாடும்போதே வருகையைத் தன் ஏட்டில் வைத்திருப்பான். வளர்ப்பாரும் அங்ஙனமே ஒரு பருவம் முந்தி நிற்றல் வேண்டும். தாலிலேயே மாத்திரையும் மண்ணெண்ணெயும் உயரத்திற்கு ஏறுக. சப்பாணியிலேயே கழிப்புற வாயிலுக்குத் தாழ் இடுக. நீர்த்தொட்டியும் வாளியும் மூடுக, ஒரு சாண் நீரும் போதுமாதலின். குழவி உட்காரத் தொடங்கியதுமே சேலைத்தூளியில் தனியே விடுதலும் ஒழிக. 108 என்னும் எண் பெரிய எழுத்திற் கதவில் இருக்க.

மற்றொன்றும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழவிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட அளவின்படி, தனியே உட்காருதல் 9 திங்களையும் தனியே நடத்தல் 17½ திங்களையும் பெரிதும் கடப்பதில்லை. இவ்வெல்லைகளைக் குழவி கடப்பின் முதலில் அறிபவர் பகலெல்லாம் உடனிருக்கும் பாட்டியே. அவர் ஐயத்தை "எல்லாம் சரியாகிவிடும்" எனத் தள்ளுதல் பெரும்பிழை. பல்வகைக் குறைபாடு உடையோர்க்கென 2005-இல் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனம் இதே முட்டுக்காட்டில் இருப்பதை இவ்வூர்ப் பாட்டியர் அறிந்திருத்தல் நலம்.

அன்று மாலை பாட்டியார் சோறூட்டக் கைப்பேசியை எடுத்தார். 2 வயது நிரம்பாதார்க்குத் திரை வேண்டா என்பது 2019-இல் வந்த அறிவுரை. யாம் அதனைச் சொல்ல வாயெடுக்குமுன் பாட்டனார் குழவியைத் தூக்கிக்கொண்டு வாயிற்புறம் சென்றார். கிழக்கே கடல்மேல் மதி எழுந்திருந்தது. அவர் அதனை நோக்கிக் கைகாட்டி, வா வாவென அழைக்கத் தொடங்கினார். அம்புலிப் பருவத்திற்கு இன்னும் 4 திங்கள் இருந்தன.