சிக்கனத்தில் அமையும் இல்லம்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிறு பட்டணம் சாஆ. பட்டணத்தைச் சுற்றிலும் செம்பனையும் ரப்பரும் நிறைந்துள்ளன. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுள் பல, தோட்டத்து லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. தோட்டம் கைமாறியபோதும், பெற்றோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதும், பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குச் சென்றபோதும் அவர்கள் லயத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீடு தேடினர். சாவி கைக்கு வந்த நாள் மகிழ்ச்சியான நாள்தான். பால் காய்ச்சி முடித்து உறவினர்கள் விடைபெற்ற பிறகுதான், எதிரொலிக்கும் வெற்றறைகளில் நின்றுகொண்டு குடும்பத்தார் யோசிக்கத் தொடங்குவர். இந்த வீட்டில் எதை வைப்பது? எந்தப் பணத்தில் வைப்பது?

லயன் வீட்டில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. அந்த வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போய்விடும். ஆகவே, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பொருள்களையே மக்கள் வைத்திருந்தனர். கோரைப்பாய், இரும்புப் பெட்டி, மர விசுப்பலகை, கூரை விட்டத்தில் கட்டிய ஏணை, சுவரில் அறைந்த சிறு சாமி மேடை ஆகியவையே பெரும்பாலான வீடுகளின் சொத்து. ஆனாலும் அழகுக்கு அங்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியின் சாமி படங்கள் ஆண்டு முடிந்ததும் சட்டத்தினுள் ஏறின. பழைய சேலை சன்னல் திரையானது. மைலோ டின்னிலும் பால்மாவு டின்னிலும் துளசியும் கற்றாழையும் வளர்ந்தன. தேய்ந்த மோட்டார் வண்டி டயர், வெள்ளைச் சாயம் பூசப்பட்டு வாசலில் பூச்செடித் தொட்டியாக நின்றது. இவற்றை வறுமையின் அடையாளங்களாக மட்டும் பார்ப்பது பொருந்தாது. கையில் இருப்பதைக் கொண்டு தேவையை நிறைவேற்றும் திறமை அவற்றில் தெரிகிறது. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது பலர் பெட்டி படுக்கைகளை எடுத்துச் சென்றனர்; இத்திறமையை லயத்திலேயே விட்டுச் சென்றனர்.

மலிவு விலை வீடுகளின் அளவையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் மலிவு விலை வீட்டின் உச்ச விலையை 25,000 ரிங்கிட்டாக நிர்ணயித்தது. அவ்வீடுகளின் பரப்பளவு 550 முதல் 600 சதுர அடி வரைதான். 1998இல் விலை வரம்பு திருத்தப்பட்டு, இடத்தைப் பொறுத்து 42,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. மூன்று படுக்கையறைகள் வேண்டும் என்ற நிலையும் வந்தது. அறைகள் கூடினாலும் வீடு சிறியதாகவே இருந்தது. ஆனால், கடைகளில் காட்சிக்கு வைக்கப்படும் தளவாடங்கள் சிறிய வீட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. ஏழடி நீள மெத்தை இருக்கை, விசாலமான கடைக்கூடத்தில் சிறியதாகத் தோன்றும். அதையே பத்தடி அகலமுள்ள வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால், அடுக்களைக்குச் செல்பவர் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கும். வாசற்கதவுக்குள் நுழையாமல் திரும்பிப் போன அலமாரிகளைப் பற்றிக் கேட்டால் எந்தக் குடியிருப்பிலும் ஒரு கதை கிடைக்கும். பழைய நாளிதழ்களை ஒட்டி, வாங்க நினைக்கும் பொருளின் நீள அகலத்துக்கு வெட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்ப்பது செலவில்லாத சோதனை. அளவுநாடாவைவிட இது தெளிவாக உண்மையைச் சொல்லும்.

பணம் கரைவது பெரும்பாலும் தவணையில்தான். 3,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு பொருளைத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். முன்பணம் 300 ரிங்கிட். மீதி 2,700 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டி, மூன்றாண்டுத் தவணை. வட்டி மட்டும் 810 ரிங்கிட். மாதந்தோறும் 97 ரிங்கிட் 50 சென் வீதம் 36 மாதங்கள் கட்டி முடிக்கும்போது, முன்பணத்தையும் சேர்த்து அப்பொருளின் விலை 3,810 ரிங்கிட் ஆகிவிடும். இதில் மறைந்திருக்கும் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. நிலை வட்டியோ முதல் நாள் இருந்த 2,700 ரிங்கிட்டின் மீதே மூன்றாண்டுக்கும் கணக்கிடப்படுகிறது. உண்மையில் செலுத்தப்படும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காட்டை எட்டுகிறது.

"மாதம் நூறு வெள்ளிகூட இல்லை, அண்ணே!" என்று விற்பனையாளர் சொல்வது பொய்யன்று. ஆனால், இருக்கைக்கு ஒரு தவணை, தொலைக்காட்சிக்கு ஒரு தவணை, கட்டிலுக்கு ஒரு தவணை என மூன்று சேர்ந்தால் மாதம் 292 ரிங்கிட் 50 சென். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அச்சம்பளம் பெறும் ஒருவருக்கு இது வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். வீட்டுக் கடன் தனி. மின்கட்டணம் தனி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தச் செலவும் தனி.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம், இவ்வகை ஒப்பந்தங்களில் வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகளை அளிக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; ரொக்க விலையும் வட்டியும் அதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும். எனினும், இறுதித் தவணை கட்டும்வரை அப்பொருள் சட்டப்படி வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்பதையும் மறக்கலாகாது. தவணை தொடர்ந்து தவறினால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்த பின் உரிமையாளர் பொருளைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். அண்டை வீட்டார் பார்த்திருக்க, புத்தம் புதிய இருக்கை லாரியில் ஏறுவதைவிட அது வராமலேயே இருந்திருக்கலாம்.

வங்கிக்குச் செல்லத் தயங்கியவர்கள் தங்களுக்குள் கூட்டுப் பிடித்துப் பணம் சேர்ப்பதும் தோட்டப்புறங்களில் பழக்கமாக இருந்தது. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்வார். தளவாடம் வாங்கப் பலருக்கு இது உதவியது. முதலில் எடுத்தவர் தலைமறைவாகி மற்றவர்கள் ஏமாந்ததும் உண்டு. கூட்டுப் பிடித்தலைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இடம்பெற்றிருப்பது சுவையான செய்தி.

அப்படியானால் எதை முதலில் வாங்குவது? உறங்க, சமைக்க, படிக்க வேண்டியவை முதலில் வர வேண்டும். நல்ல மெத்தை, எரிவாயு அடுப்பு, மின்விசிறி, பிள்ளைகள் அமர்ந்து எழுத உறுதியான ஒரு மேசை ஆகியவை இருந்தால் ஒரு குடும்பம் சிரமமின்றி வாழத் தொடங்கலாம். குளிர்பதனப் பெட்டி அடுத்து வரும். அதை வாங்கும்போது விலைச்சீட்டோடு நட்சத்திரச் சீட்டையும் பார்க்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தின் அச்சீட்டில் ஐந்து நட்சத்திரம் பெற்றதே மிகக் குறைவாக மின்சாரத்தைச் செலவிடும். நாள் முழுவதும் ஓடும் பொருள் என்பதால், மலிவாக வாங்கிய பெட்டி மின்கட்டணத்தில் அந்த மலிவைத் திரும்ப வசூலித்துவிடும். வரவேற்பறை இருக்கையோ காத்திருக்கலாம். விருந்தினர் சில மாதங்கள் பாயில் அமர்ந்தால் குறைந்துவிட மாட்டார்கள். வீட்டில் வாழ்ந்து பார்த்த பிறகே வெயில் எந்தச் சன்னல் வழியாக வருகிறது, மழைச்சாரல் எங்கே அடிக்கிறது, குடும்பத்தார் எந்த மூலையில் கூடுகிறார்கள் என்பவை தெரியவரும்.

மேசை நாற்காலி வாங்கும் நேரம் வரும்போது, ஜொகூர் மக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இதே மாநிலத்திலுள்ள மூவார், மலேசியாவின் தளவாட உற்பத்திக்குப் பெயர் பெற்ற நகரம். அங்குச் செய்யப்படும் மேசைகளும் கட்டில்களும் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றுள் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் ரப்பர் மரம். ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாக்குவதே முன்னாளைய வழக்கம். அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே, அறுத்த சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். பலகையை அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இக்கேடுகள் நீங்கும். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வுகள் இம்முறைக்கு வழிவகுத்தன. 1980களில் விறகு தளவாடமாயிற்று. பாட்டி அதிகாலையில் தலைவிளக்கோடு பால் வெட்டிய மரம், பேரன் பாடம் படிக்கும் மேசையாக வீட்டுக்கு வருகிறது என்றால் அது மிகையன்று.

கடையில் இதைவிட மலிவாக வேறொன்றும் கிடைக்கும். மரத்தூளையும் சிறு மரத்துணுக்குகளையும் பசையால் அழுத்திச் செய்த துகள்பலகை அது. மேலே ஒட்டிய மெல்லிய தாள் தேக்குப் போலவும் கருங்காலி போலவும் தோன்றும். பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துச் செல்லும் தளவாட முறையை 1950களில் கையாளத் தொடங்கிய சுவீடனின் ஐக்கியா நிறுவனம், பிற்காலத்தில் அதை உலகெங்கும் பரவச் செய்தது. துகள்பலகை அம்முறைக்கு ஏற்ற பொருளாக அமைந்தது. எடைக்குறைவு, விலைக்குறைவு, நேர்த்தியான தோற்றம் ஆகிய மூன்றும் அதன் சிறப்புகள். உலர்ந்த அறையில் புத்தகம் அடுக்க அது போதும். ஆனால், தண்ணீர் பட்டால் துகள்பலகை ஊறி உப்பும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது.

சாஆவில் வாழ்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தியன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை உலுக்கிய பெருவெள்ளத்தில் சிகாமட் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2023 மார்ச் தொடக்கத்தில் மழை நாள்கணக்கில் விடாது கொட்டியபோதும் இம்மாவட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். சாஆ வட்டாரத்திலும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின் தெருவோரம் குவிந்த குப்பையில் துகள்பலகை அலமாரிகளும் பஞ்சு ஊறிய மெத்தை இருக்கைகளுமே மிகுந்திருப்பது வெள்ளம் கண்ட ஊர்களில் வழக்கமான காட்சி. திடமரத்தால் செய்த மேசையைக் கழுவி, நிழலில் மெல்ல உலர்த்தி, பிரிந்த இணைப்புகளுக்குப் பசையிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாழ்வான பகுதியில் வீடு அமைந்தவர்கள் கால் உயர்ந்த கட்டிலையும் இரும்பு அடுக்குகளையும் தேர்ந்தெடுப்பது நல்லது. அலமாரியின் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பதில் வெட்கம் எதற்கு? வீட்டுப் பத்திரம், பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்குத் தலைக்கு மேல் ஒரு சுவர்த்தட்டு வேண்டும். லயன் வீட்டின் இரும்புப் பெட்டியை வீசிவிடாமல் வைத்திருந்தவர்கள் அதை உயரத்தில் ஏற்றி வைத்து இப்பணிக்கே பயன்படுத்தலாம்.

அலங்காரத்துக்கு ஆகும் செலவு, அதை யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாயம் பூசுவதை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் சுவரை மூடும். பத்தடிக்குப் பத்தடி அறையின் நான்கு சுவர்களும் ஒன்பதடி உயரம் என்றால், மொத்தம் 360 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 33 சதுர மீட்டர். இரு பூச்சுக்கு ஏழு லிட்டர் சாயம் தாராளமாகப் போதும். சுவரைச் சுரண்டித் துடைத்துப் பூசினால் வீட்டார் இரண்டு நாளில் ஓர் அறையை முடித்துவிடலாம். சிறிய அறைக்கு வெளிர்நிறம் ஏற்றது. வெளிச்சத்தை எதிரொளித்து அறையைப் பெரிதாகக் காட்டும். எல்லாச் சுவர்களுக்கும் கண்ணைப் பறிக்கும் நிறம் பூசுவது ஆறு மாதத்தில் அலுத்துப் போகும்.

சன்னல் திரையைத் தைத்தே வாங்கினால் விலை கூடும். சன்னலின் அகலத்தைப் போல் இரு மடங்கு துணி வாங்கி, வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஓரம் அடித்தால் மடிப்பு அழகாக விழும். தீபாவளிக்குத் தீபாவளி திரை மாற்றும் வழக்கம் மலேசியத் தமிழர் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. அதை விட்டுவிடத் தேவையில்லை. இரண்டு சோடித் திரைகளைத் துவைத்துத் துவைத்து ஆண்டுக்கொன்றாக மாற்றினாலும் வீடு புதிதாகத்தான் தெரியும். பழைய சேலைகளிலும் நல்ல கரை உள்ளவற்றை இருக்கை உறைக்கும் தலையணை உறைக்கும் பயன்படுத்தலாம். அந்த வேலைப்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பயன்படுத்திய தளவாடங்களை வாங்குவதில் சிலருக்கு இன்னும் தயக்கம் உண்டு. மெத்தையைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் நியாயமானது. மூட்டைப்பூச்சி விலையின்றிக் கூடவே வந்துவிடும். மர மேசையிலும் நாற்காலியிலும் அந்த அச்சம் குறைவு. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இணைப்புகள் ஆடுகின்றனவா, காலடியில் கறையான் மண் ஒட்டியிருக்கிறதா, சிறு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். தூள் கொட்டினால் அது வண்டின் வேலை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மேற்பரப்பில் கீறலும் தேநீர்க் கறையும் மட்டும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். உப்புத்தாளை முதலில் சொரசொரப்பானதும் பிறகு நைசானதுமாக, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லியதாக இரண்டு முறை வார்னிஷ் பூசினால் கறை மறையும். முதற்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதைப் பூச வேண்டும். மழைக்காலமாக இருந்தால் மறுநாள்வரை காத்திருப்பது நல்லது.