வழி சொல்லக் கூலி கொடுக்கலாமா?



முருங்கன் பக்கத்தில் அண்மையில் நடந்த குடும்பத் தலைவியர் கூட்டம் முடிந்ததும், முசலிப் பகுதித் தாய் ஒருவர் எம்மிடம் ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். வெளியூர்த் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்று அச்சிட்டது. பதினைந்தாயிரம் ரூபா கட்டினால் பிள்ளையின் திறமையைப் பரிசோதித்து, பொருத்தமான தொழில் எது, படிப்பு எது என்று எழுத்தில் தருவார்களாம்.

"சுவாமி, சங்கிலியை அடகு வைச்சு இதைக் கட்டலாமோ? வயலும் கையில இல்லை. பிள்ளைக்கு வழி சொல்ல எங்களுக்கு என்ன தெரியும்?"

வேண்டாம் என்று உடனே சொல்லத்தான் வாயெடுத்தோம். அவருடைய கடைசி வார்த்தை எம்மைத் தடுத்தது.

கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் எப்போது வாய்க்காலுக்கு வரும், எந்தத் தரைக்கு எந்த நெல் என்பதைத் தகப்பன் மகனுக்குச் சொன்ன காலத்தில், வழி சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் குடும்பங்களும், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு எழுந்த குடும்பங்களும் இழந்தது காணியை மட்டுமன்று. கற்பிட்டியில் பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் தகப்பன், 'இதைச் செய் மகனே' என்று எதைக் காட்டுவான்? அந்த வெற்றிடத்துக்குள்தான் துண்டுப்பிரசுரம் வருகிறது. ஆகவே ஆலோசனை வேண்டும் என்று அத்தாய் நினைத்ததில் தவறே இல்லை. அதை யாரிடம், என்ன விலைக்குப் பெறுவது என்பதே கேள்வி.

தொழில் வழிகாட்டல் என்ற கலை இடம்பெயர்ந்த ஏழைகள் மத்தியில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். 1908 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், குடியேறிய ஏழைகள் வாழ்ந்த பகுதியில், பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் திறந்தார். அவ்வாண்டே அவர் இறந்துபோனார். மறு ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் கேட்டவை மூன்று: உன்னை நீ அறிவாயா? தொழில்களின் தேவைகளையும் வாய்ப்புகளையும் அறிவாயா? இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாயா? முதற் கேள்விக்குப் பாதி விடை தாயிடமே உண்டு. அந்தப் பையன் சாதாரண தரம் எழுதியபின் மூன்று வருடமாக உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்றில் நிற்கிறான். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்வானாம். இதைவிடப் பெரிய பரிசோதனை எது?

இரண்டாவது கேள்விக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் தொழில் வழிகாட்டலுக்குக் கட்டணம் இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையும், நைற்றா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் பயிற்சிகளை நடத்துகின்றன. இவற்றில் எம்மவர் அதிகம் அறியாதது ஒன்று உண்டு. வகுப்பில் இருந்து படிக்காமல் வேலைத்தலத்தில் கைப்பழக்கமாகக் கற்றவருக்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். வேலை செய்த அத்தாட்சியைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும். மேசன், தச்சர், மின்னிணைப்பாளர், மோட்டார் மெக்கானிக் எனப் பல தொழில்களுக்கு இது உண்டு. அந்தப் பையனுக்கு வேண்டியது இதுவே. துண்டுப்பிரசுரத்தில் இது பற்றி ஒரு வரியும் இல்லை.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் அனுமதிக் கைநூல் வெளியிடுகிறது. கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்படும் 16 மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 5 வீத இடங்கள் அம்மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. மாணவர் எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவார் என்ற விதிகளும் அந்நூலில் உள்ளன. இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் அப்பகுதியை இருமுறை வாசிக்க வேண்டும்.

இலவச வழி எப்போதும் இலகுவானதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். போன நாளில் உத்தியோகத்தர் வெளிக்கள வேலையில் இருப்பார். படிவம் சிங்களத்தில் இருக்கும். பஸ் காசும் ஒரு நாட்கூலியும் போய்விடும். மனம் சலித்தவருக்குப் பதினைந்தாயிரம் மலிவாகவே தோன்றும்.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். முகாம்களில் பெண்பிள்ளைகளைக் கண்டபோதெல்லாம் தையல் வகுப்பைத் தொடங்கினோம். ஒரே கிராமத்தில் இருபது தையற்காரிகள் இருந்தால் சட்டை தைக்கக் கொடுப்பவர் யார் என்று நாம் கேட்கவில்லை. காசு வாங்காத ஆலோசனை என்பதால் அது நல்ல ஆலோசனை ஆகிவிடவில்லை.

மாடு வாங்கப் போகிறவர் மாட்டின் குணத்தைத் தரகரிடம் கேட்பாரா? ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "நீங்கள் சொல்லும் படிப்பில் என் பிள்ளை சேர்ந்தால், அந்த நிலையம் உங்களுக்கு ஏதும் தருமா?" தரும் என்றால் அவர் ஆலோசகர் அல்லர், தரகர். துண்டுப்பிரசுரத்திலிருந்த இலக்கத்துக்கு நாம் தொலைபேசி எடுத்து இதைக் கேட்டோம். மறுமுனையில் இருந்தவர் பேச்சை மாற்றினார்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். ஊருக்குள் வரும் உபமுகவரிடம் அனுமதிப்பத்திரம் இராது. அவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டின்றிக் காசும் கொடுக்காதீர்கள். முகவர் நிலையத்தின் பெயரையும் இலக்கத்தையும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் சரிபார்க்கலாம். வேலை தேடுபவரிடம் தனியார் முகவர் கட்டணம் அறவிடக்கூடாது என்பதே சர்வதேச தொழில் தாபனத்தின் 1997 ஆம் ஆண்டு 181 ஆம் இலக்கச் சமவாயத்தின் பொதுவிதி. விதிவிலக்குகளுக்கும் அது இடம் வைத்திருக்கிறது.

காசு கொடுப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலில் பல வருடம் நின்றவர், தன் துறையை நன்கு அறிந்த ஒருவரிடம் குறிப்பான ஒரு விடயத்தைக் கேட்டு அதற்குக் கூலி கொடுப்பது நியாயம். சாதாரண தரம் முடித்த பிள்ளைக்கு அந்தக் காசு வேறிடத்தில் கூடுதலாகப் பயன்படும்: மதிப்பீட்டுக் கட்டணம், வவுனியாவுக்குப் போய்வரும் செலவு, சிங்களமோ ஆங்கிலமோ படிக்கும் வகுப்பு.

அந்தத் தாயும் மகனும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். முதல் நாள் உத்தியோகத்தர் இல்லை. இரண்டாம் முறை சந்தித்தார்கள். கராஜ்காரரிடம் சேவைக் கடிதம் வாங்கிவரச் சொல்லி, முன்கற்றல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பப் படிவமும் கொடுத்திருக்கிறார். கராஜ்காரர் கடிதம் கொடுக்கத் தயங்குகிறாராம், பையன் போய்விடுவான் என்று. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரோடு கதைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.