இலையைத் திருப்பிப் பார்ப்போம்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது பூஞ்சைக்குச் சான்றாக ஊசிப்போன ரொட்டியையே காட்டி வருகிறோம். அதைவிட நல்ல சான்று பள்ளி வாசலிலேயே இருக்கிறது. பசுமைப் படை மாணவர்கள் நர்சரியில் வாங்கி வைத்த ரோஜா, செம்பருத்தி, ஈழத்து அலரியைத்தான் சொல்கிறேன். இலையில் புள்ளி விழுந்ததும் "மருந்து அடிச்சுரலாமுங்க சார்" என்பார்கள். என்ன நோய் என்று தெரியாமல் குழந்தைகள் நடமாடும் இடத்தில் மருந்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனவே, நோயைக் கண்டறிவதையே ஒரு செயல்பாடாக வைத்திருக்கிறேன். கைலென்சும் வெள்ளைத்தாளும் போதும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை என்றே மாணவர்கள் தொடங்குவார்கள். போர்வெல் தண்ணீர் தெளித்த இலையில் படியும் உப்பும் வெள்ளைதான். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கணுக்களில் பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. குச்சியால் நசுக்கினால் பிசுபிசுக்கும், கூடவே எறும்பும் ஊரும். பூஞ்சைக்கொல்லி அதைக் கொல்லாது. ரோஜாத் துளிரில் மாவு தூவியதுபோலப் படர்ந்து இலையைச் சுருட்டுவதுதான் சாம்பல் நோய். துடைத்தாலும் சில நாளில் திரும்ப வரும்.

கறுப்பில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். ரோஜாவின் கரும்புள்ளி நோயில் புள்ளியின் ஓரம் இறகு நுனிபோலப் பிசிறாக இருக்கும். சுற்றிலும் மஞ்சளாகி இலை உதிரும். பூஞ்சை திசுவுக்குள் இருப்பதால் துடைத்தால் போகாது. செம்பருத்தி இலைமேல் கரி பூசியதுபோன்ற படலமோ விரலோடு வந்துவிடும். அதுவும் பூஞ்சைதான். ஆனால் அது இலையை உண்பதில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீரில் வளர்கிறது. வெளிச்சத்தை மறைப்பதே அது செய்யும் கேடு. அங்கே விரட்ட வேண்டியது பூச்சியை. "அப்போ நோய் எது, காரணம் எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் தகும்.

ஈழத்து அலரியின் துரு நோய் எளிது. மேலே வெளிர்மஞ்சள் புள்ளி. இலையைத் திருப்பி வெள்ளைத்தாளில் தட்டினால் ஆரஞ்சுத் தூள் விழும். அவை வித்துகள். ஆஸ்துமா, இளைப்பு உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

உரம் மிகுந்து கருகியதா, பூஞ்சையா என்ற ஐயம் வந்தால், ஈரக்காகிதம் விரித்த டப்பாவில் புதுப்புள்ளி உள்ள இலையையும் நல்ல இலையையும் வைத்து மூடுங்கள். இரண்டு நாளில் மூடியைத் திறக்காமலே பாருங்கள். புள்ளியில் மட்டும் இழைகள் கிளம்பினால் பூஞ்சை என்று ஐயப்படலாம். மேலும் தாமதித்தால் அழுகும் எந்த இலையிலும் பூசணம் வரும், ஒப்பீடு கெட்டுவிடும்.

கரும்புள்ளிப் பூஞ்சை தொற்ற இலை ஏறக்குறைய 7 மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அந்த ஈரம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றையும், மார்கழி, தை மாதங்களில் மற்றொன்றையும் தேடச் சொல்லி நாட்குறிப்பு எழுத வைக்கலாம். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மாணவர்கள் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

பிடிபடாத இலையைக் காகிதத்தில் சுற்றி, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் காட்டிக் கேட்கலாம். அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது மாணவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். காசு கொடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தை அவர்கள் பார்க்கட்டும். வாங்கிய தொட்டிகளை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.