ஸ்பீக்கர் வாங்கப் போகும் இளையவர்களுக்கு

எலக்ட்ரோஸ்டாடிக்கா, டவர் ஸ்பீக்கரா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. முதலில் அறையை அளந்து பாருங்கள். எலக்ட்ரோஸ்டாடிக் முன்பக்கம் போலவே பின்பக்கமும் ஒலியை வீசும். பின்சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்தால் நீங்கள் உட்கார இடம் இருக்காது. டவர் அவ்வளவு இடம் கேட்காது.

2. டவரில் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும். எலக்ட்ரோஸ்டாடிக்கில் துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள். நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். எடையே இல்லாதது போன்ற அந்தப் படலம் சட்டென்று அசைந்து சட்டென்று நிற்கும். தம்புராவின் தந்திகள் தனித்தனியே காதில் விழுவது அதனால்தான்.

3. தவிலும் சினிமாப் பாட்டின் பாஸும் நெஞ்சில் இடிக்க வேண்டுமா? டவரே வாங்குங்கள். படலம் அதிக தூரம் அசையாது. முன்னும் பின்னும் வரும் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மார்ட்டின்லோகன் நிறுவனம் தன் பெரும்பாலான எலக்ட்ரோஸ்டாடிக் மாடல்களில் கீழே கூம்பு வூஃபர் வைப்பது இதற்காகத்தான்.

4. கடையில் கேட்கும்போது ஆடாமல் அசையாமல் உட்காராதீர்கள். ஓரடி இடப்பக்கம் நகருங்கள். நடுவில் நின்று பாடியவர் இடப்பக்க ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். டவரிலும் இது உண்டு. எலக்ட்ரோஸ்டாடிக்கின் தட்டையான பேனலில் இன்னும் அதிகம். 1957இல் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த புகழ்பெற்ற எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்கும் இந்தக் குறை இருந்தது. 1981இல் வந்த ஈஎஸ்எல்-63 மாடலில் மின்தகடுகளை வளையங்களாகப் பிரித்து, வெளிவளையங்களுக்கு ஒலியைச் சற்றுத் தாமதமாக அனுப்பி அதைக் குறைத்தார்.

5. ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எலக்ட்ரோஸ்டாடிக்கின் அட்டையில் 4 ஓம் என்றிருக்கும்; உச்ச அதிர்வெண்ணில் சில மாடல்கள் 1 ஓமுக்கும் கீழே இறங்கும். சாதாரண ஆம்ப் சூடேறி நின்றுவிடும்.

6. ஒவ்வொரு எலக்ட்ரோஸ்டாடிக்குக்கும் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். மின்னூட்டம் தூசியை இழுக்கும். கடலோர ஊரின் ஈரமும் சேர்ந்தால் 'டிக் டிக்' என்று வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சில மணி நேரம் விட்டு, வேக்குவம் கிளீனரால் மென்மையாக உறிஞ்சுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

7. பழைய செட் என்றால் மோனோவில் ஒரு குரலை ஓடவிடுங்கள். குரல் நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கப் பேனல் சோர்ந்திருக்கலாம். டவரில் வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

8. தனியாக உட்கார்ந்து கச்சேரி கேட்பவருக்கு எலக்ட்ரோஸ்டாடிக். ஹாலில் நாலு பேராகக் கேட்பவருக்கு டவர். எதுவானாலும் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால், ஊரில் வேறு கடையா இல்லை?