குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜனைக் கூட்டாதது ஏன்?

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், குழந்தை இவ்வளவு சிரமப்பட்டு மூச்சுவிடுகிறதே, ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா?" நியாயமான கேள்விதான். இதற்கான விடையை மருத்துவ உலகம் பல குழந்தைகளை இழந்த பின்னரே கற்றுக்கொண்டது.

நுரையீரலின் உள்ளே காற்று நுண்ணறைகள் எனப்படும் மிகச் சிறிய பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. மூச்சை வெளியே விடும்போது இவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, இவற்றின் உட்புறத்தில் படர்ந்துள்ள சர்ஃபாக்டண்ட் என்னும் கொழுப்பு மிகுந்த படலம். கருவின் நுரையீரலில் இது போதிய அளவு சுரக்க ஏறத்தாழ 34 அல்லது 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொண்ட பைகளைப் புதிதாகத் திறக்கப் போராடுகிறது.

இக்குறைபாட்டை 1959இல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் ஆகியோர் கண்டறிந்தனர். ஆனால் உடனே மருந்து கிடைத்துவிடவில்லை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், குறைமாதத்தில் பிறந்து 39 மணி நேரத்தில் இந்நோயால் இறந்தான்.

பின்னர் செயற்கைச் சுவாசக் கருவிகளின் துணையால் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். எனினும் 1967இல் வில்லியம் நார்த்வேயும் குழுவினரும் புதியதொரு பாதிப்பைப் பதிவுசெய்தனர். கருவியின் அழுத்தத்தையும் மிகுதியான ஆக்சிஜனையும் நீண்ட நாள் பெற்ற நுரையீரல்கள் காயமுற்றுத் தழும்பேறியிருந்தன. இதற்கு பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயரிட்டனர். அளவு மீறிய ஆக்சிஜன் விழித்திரையையும் பாதிக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. உயிர் காத்த மருந்தே காயமும் செய்தது.

ஆகவே இன்றைய சிகிச்சையின் நோக்கம், தேவையான அளவு மட்டும் உதவுவது. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் காட்டினர். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டண்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பயன் கண்டார். மூக்கு வழியே மென்மையான அழுத்தத்தில் காற்றுத் தரும் சிபாப் முறையும் பரவியது. ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்கு இரத்த ஆக்சிஜன் செறிவைப் பொதுவாக 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைக்க முயல்கிறோம். திரையில் 100 தெரிய வேண்டும் என்று நாங்கள் விரும்புவதில்லை.

பெற்றோரின் பங்கும் சிறிதன்று. தாய்ப்பால் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் குழந்தையை மார்போடு அணைக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடருங்கள். கைகழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள். வீட்டில் புகையிலைப் புகையும் அடுப்புப் புகையும் வேண்டாம். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். வீடு திரும்பிய பின் மூச்சு வேகமானாலோ, மார்பு உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நுரையீரல் பிறந்த பின்னரும் சில ஆண்டுகள் புதிய நுண்ணறைகளை உருவாக்கிக்கொண்டே வளர்கிறது. அந்த வளர்ச்சிக்கு ஊறு நேராமல் காப்பதற்காகவே, ஆக்சிஜனை நாங்கள் அளந்து கொடுக்கிறோம்.